180 வீட்டு லேஅவுட்: கேமராவுக்கு முன்னாடி என்னென்ன செய்யணும்? (பீட், பூட்டிய வீடு, எஃப்ஐஆர்)

சேலையூர் பக்கம்

தாம்பரம் மாநகரக் காவல் எல்லைக்குள்ள ஒரு லேஅவுட். ஆறு தெரு, ஏறக்குறைய 180 வீடு. நுழைய இரண்டு வழி, பின்னாடி காலிமனைகள் ஊடா ஒரு ஒற்றையடிப் பாதை. சுத்துவட்டாரத்துல இரண்டு விதக் குற்றம்தான் திரும்பத் திரும்ப நடக்குது: பூட்டிய வீட்டை உடைக்கிறது, காலையில கோலம் போடுற நேரத்துல செயின் பறிப்பு. நலச்சங்கத்துல 3 லட்சம் ரூபாய் இருக்கு. கூட்டத்துல பெரும்பாலானவங்க சொன்னது 16 கேமரா, இரண்டு வழிக்கும் கேட், ஒரு வாட்ச்மேன். காசைப் போட்டுட்டு அப்புறம் வருத்தப்படக் கூடாது. விஷயம் தெரிஞ்சவங்க வரிசையாச் சொல்லுங்க.

பழைய ரைட்டர்

முதல் வேலை, ஆறு தெருவும் ஒரே நிலையத்துல வருதான்னு பார்க்கிறது. சென்னை மாநகரக் காவலைப் பிரிச்சு 2022 ஜனவரி 1-ல தாம்பரம், ஆவடி ரெண்டும் தனி ஆணையரகம் ஆச்சு. எல்லையோரத்துல ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நிலையம், அந்தப் பக்கம் இன்னொரு நிலையம்னு இருக்கிறது சாதாரணம். 112-க்குப் போன் பண்ணும்போது தெரு பேரை மட்டும் சொன்னா வண்டி சுத்தும். அதே பேர்ல நாலு நகர்ல தெரு இருக்கும். தெருவிளக்குக் கம்பத்து எண், பக்கத்துக் கோயில் அல்லது கடைப் பேரு, எந்த மெயின் ரோட்டிலிருந்து திரும்பணும், இந்த மூணையும் ஒரு துண்டுத்தாள்ல எழுதி எல்லா வீட்டுக் கதவுக்குப் பின்னாடியும் ஒட்டுங்க. பதட்டத்துல யாருக்கும் வாய் வராது.

ரெண்டாவது பீட். நிலைய எல்லையைப் பீட்டுகளாப் பிரிச்சுத்தான் ரோந்து போவாங்க. முன்னாடி பட்டா புத்தகம்னு ஒரு ரோந்துப் பதிவு நோட்டு தொங்கும், காவலர் வந்து நேரம் போட்டுக் கையெழுத்து வைப்பார். இப்போ பல இடத்துல க்யூஆர் குறியீட்டைப் போன்ல ஸ்கேன் பண்றாங்க. எதுவா இருந்தாலும் அது எங்கே இருக்குங்கிறதுதான் விஷயம். எல்லாச் சங்கமும் முகப்பு வளைவுக்குப் பக்கத்துல மாட்டிக்குது. வண்டி மெயின் ரோட்டிலேயே நின்னு, வேலையை முடிச்சுட்டுத் திரும்பிடும். அதை உங்க ஒற்றையடிப் பாதை முடியிற இடத்துல மாட்டச் சொல்லி மனு கொடுங்க. அப்போதான் வண்டி லேஅவுட் முழுக்க உள்ளே வந்து வெளியே போகும்.

மூணாவது பூட்டிய வீட்டுத் தகவல். "ஊருக்குப் போறோம் சார், பாத்துக்கங்க"ன்னு வாய்மொழியாச் சொன்னா அந்த ஷிஃப்டோட மறந்துபோகும். ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க: வீட்டு எண், தளம், போற தேதி, திரும்புற தேதி, உங்க போன், சாவி வச்சிருக்கிறவர் போன். இதுக்கு மேல ரெண்டு வரி முக்கியம். ராத்திரி உள்ளே விளக்கு எரியுமா எரியாதா? செடிக்குத் தண்ணி ஊத்தவோ பால் எடுக்கவோ யாராவது வருவாங்களா? இது தெரியாம ரோந்து வந்தா, உள்ளே விளக்கு எரியிறதைப் பார்த்து ஆள் இருக்காங்கன்னு போயிடுவாங்க.

லென்ஸ் மூர்த்தி

பூட்டு பத்தி யாரும் பேசலையே. கேமரா போடுறதுதான் என் தொழில், இருந்தாலும் பூட்டுதான் முதல்ல.

வெளியே பூட்டு தொங்கினாலே வீட்டுல ஆள் இல்லைன்னு தெருவுக்கு அறிவிச்ச மாதிரி. பெரும்பாலும் பூட்டு உடையிறதும் இல்லை. கடப்பாரை நுனியைக் கொண்டிக்கு அடியில கொடுத்து நெம்பினா, சின்னத் திருகாணியோட கொண்டியே பிடுங்கிக்கிட்டு வந்துடும். 500 ரூபாய்ப் பூட்டு, 5000 ரூபாய்ப் பூட்டு, ரெண்டுக்கும் கதி ஒண்ணுதான். கொண்டியைக் கதவு ஊடுருவிப் போற போல்ட்டால மாட்டி, உள்பக்கம் பட்டையான வாஷர் வச்சு நட்டு போடணும். அதைவிட நல்லது கதவுக்குள்ளேயே பதியிற பூட்டு. கதவு நிலைச்சட்டத்துல அது நுழையிற ஓட்டைக்கு மேல இரும்புத் தகடு அவசியம் வேணும். தகடு இல்லாம மரத்துல வெறும் ஓட்டை இருந்தா, ஒரே உதையில மரம் பிளக்கும்.

பின்கதவுலதான் பாதி வீடு விழுது. அதுக்கு உள்பக்கம் குறுக்கே ஒரு இரும்புப் பட்டை, ரெண்டு பக்கச் சுவத்துலயும் கொக்கி. ஜன்னல் கிரில்லை வெளியிலிருந்து திருகாணி போட்டு மாட்டியிருந்தா ஸ்க்ரூடிரைவரே போதும், அதனால திருகாணித் தலையை வெல்டிங் வச்சு மூடுங்க. பீரோ சாவியைப் பீரோ மேலேயோ துணிக்கு அடியிலயோ வைக்கிற பழக்கத்தை விடணும். அங்கதான் முதல்ல தேடுவாங்க.

வாசல்ல கோலம் இல்ல, மூணு நாள் பேப்பர் கிடக்கு, பால் பாக்கெட் பையில அப்படியே இருக்கு. பகல்ல நோட்டம் விடுறவன் பார்க்கிறது இதைத்தான். பேப்பரையும் பாலையும் நிறுத்துங்க, எதிர்வீட்டு அக்காகிட்ட சொல்லி வாசல் தெளிச்சு ஒரு சின்னக் கோலம் போடச் சொல்லுங்க. செலவே இல்லாத பாதுகாப்பு இது.

சேலையூர் பக்கம்

நன்றி. கொண்டி விஷயத்தை இன்னிக்கே குழுவுல போடுறேன். கேமரா கணக்கையும் சொல்லிடுங்க மூர்த்தி. 16 வேணுமா?

லென்ஸ் மூர்த்தி

வேணாம். உங்க இடத்துக்கு 7 அல்லது 8 போதும், ஆனா ஒவ்வொண்ணும் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு இருக்கணும்.

எல்லாரும் 2.8 மி.மீ. லென்ஸ் உள்ள 4 மெகாபிக்சல் கேமராவை 20 அடிக் கம்பத்துல மாட்டி "தெரு முழுக்கத் தெரியுது"ன்னு சந்தோஷப்படுறாங்க. தெரு தெரியும், ஆள் தெரியாது. முன்பின் தெரியாத ஒருத்தரை முகம் வச்சு அடையாளம் காண ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேணும், இதுதான் தொழில்ல வச்சிருக்கிற அளவுகோல். 4 மெகாபிக்சல் படத்தோட அகலம் 2560 பிக்சல். 2.8 மி.மீ. லென்ஸ் 10 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 24 மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். அப்போ மீட்டருக்கு நூத்திச் சொச்சம் பிக்சல்தான். ஆள் நடமாடுறது தெரியும், யார்னு சொல்ல முடியாது. அதே கேமராவுல 12 மி.மீ. லென்ஸ் போட்டா 15 மீட்டர் தள்ளி 7 மீட்டர் அகலம்தான் விழும், மீட்டருக்கு 350 பிக்சலுக்கு மேல கிடைக்கும். ஆக ஒவ்வொரு வழிக்கும் ரெண்டு: மொத்தக் காட்சிக்கு அகல லென்ஸ், முகத்துக்கு நெருக்க லென்ஸ். முகக் கேமரா உயரம் 2.5-லிருந்து 3 மீட்டர். அதுக்கு மேல போனா தொப்பியும் வழுக்கையும்தான் பதிவாகும்.

நம்பர் பிளேட் தனிக் கதை. பைக் 40 கி.மீ. வேகத்துல போனா ஒரு விநாடிக்கு 11 மீட்டர். ராத்திரி கேமரா தானா ஷட்டரை (ஒரு படத்துக்குத் திறந்திருக்கிற நேரம்) 1/25 விநாடிக்கு இறக்கிடும். அந்த நேரத்துக்குள்ள பைக் 44 செ.மீ. நகர்ந்திருக்கும், பிளேட் வெறும் வெள்ளைக் கோடு. ஷட்டரை 1/500-ல கையால நிலைநிறுத்தணும், அப்போ நகர்வு 2 செ.மீ. சொச்சம். படம் இருட்டா இருக்கும், பிளேட் மட்டும் பளிச்சுன்னு விழும். அது போதும். கேமரா வண்டி போற திசைக்கு 30 டிகிரிக்கு மேல சாயக் கூடாது. முன்பக்கம் ஹெட்லைட் கூசும்னா, வண்டி போனபிறகு பின் பிளேட்டைப் பிடிக்கிற மாதிரி திருப்புங்க. வேகத்தடைக்கு முன்னாடி வச்சா இன்னும் நல்லது.

மீதியை ஒற்றையடிப் பாதைக்கும் உள் சந்திப்புகளுக்கும் பிரிங்க.

பழைய ரைட்டர்

மூர்த்தி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. செயின் பறிப்புல வர்ற பைக் பெரும்பாலும் திருட்டு வண்டி, இல்லன்னா பிளேட் பொய். நம்பர் கிடைச்சதும் கேஸ் முடிஞ்சதுன்னு இல்ல. விசாரணையில ரூட் பிடிப்பாங்க. சம்பவம் நடந்த இடத்திலிருந்து கேமரா கேமராவாப் பின்னாடி போவாங்க. தப்பிச்சுப் போறப்ப ஹெல்மெட் மாட்டி வேகமாப் போவான். வர்றப்ப அவசரம் இருக்காது. எங்கேயோ டீ குடிச்சிருப்பான், பெட்ரோல் போட்டிருப்பான், முகம் திறந்திருக்கும். அந்தச் சங்கிலியில உங்க லேஅவுட் ஒரு கண்ணி. அதனால கேமராவோட கடிகாரம் சரியா இருக்கிறது படத்தோட தெளிவு அளவுக்கு முக்கியம். உங்க கடிகாரம் 11 நிமிஷம் தப்பா இருந்தா அந்தக் கண்ணி அறுந்துபோச்சு.

லென்ஸ் மூர்த்தி

ஆமா சார். என்விஆர்ல (கேமராப் படத்தைப் பதிஞ்சு வைக்கிற பெட்டி) இணைய நேரத்தோட தானா ஒத்திசையிற அமைப்பு உண்டு, அதை இயக்கி வைக்கணும். இணையம் இல்லாத இடத்துல மாசம் ஒரு தடவை கையால திருத்தணும். உள்ளே இருக்கிற பொத்தான் பேட்டரி தீர்ந்தா, கரண்ட் போய் வந்ததும் தேதி பழைய வருஷத்துக்குப் போயிடும்.

வேற என்ன தப்பாகும்னா:

சேமிப்பு. ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் வேகத்துல (எச்.265 சுருக்க முறை) பதிஞ்சா நாளைக்கு 21.6 ஜிபி. 8 கேமரா, 30 நாள்னா 5.2 டிபி. 6 டிபி டிஸ்க் வேணும், அதுவும் கண்காணிப்புக்குன்னே வர்ற டிஸ்க். கடைக்காரர் 2 டிபி போட்டுட்டு "மாசக்கணக்குல வரும்"னா கேக்காதீங்க, 11 நாள்ல பழசு அழிய ஆரம்பிக்கும். வெளியூர் போனவங்க திரும்பி வந்து பார்க்கும்போது அந்த ராத்திரியே இருக்காது.

மின்சாரம். கம்ப்யூட்டருக்கு வைக்கிற சின்ன யுபிஎஸ் அரை மணி நேரம் தாங்கினா பெரிசு. 8 கேமராவும் என்விஆரும் சேர்ந்து 100 வாட் கிட்ட இழுக்கும். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியோட இன்வெர்ட்டர் வச்சா ஒரு ராத்திரி ஓடும்.

கேபிள். நெட்வொர்க் சுவிட்சிலிருந்து கேமராவுக்கு 100 மீட்டர்தான் எல்லை. தாண்டினா பகல்ல ஓடும், ராத்திரி இன்ஃப்ராரெட் விளக்கு எரிஞ்சதும் அணைஞ்சு அணைஞ்சு வரும்.

சிலந்தி. சிரிக்காதீங்க. இன்ஃப்ராரெட் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், ராத்திரிப் படம் முழுக்க வெள்ளை நூல். வாரம் ஒருமுறை நீளக் கம்புல மென்துணி கட்டித் துடைக்க ஆள் வேணும்.

மின்வாரியக் கம்பத்துல அனுமதியில்லாம மாட்டாதீங்க. ஷாக் அடிக்கும், எப்போ வேணா கழட்டியும் போடுவாங்க. வீட்டுச் சுவர் அல்லது சங்கத்தோட சொந்தக் கம்பம்தான் சரி. யார் வீட்டு ஜன்னலும் படுக்கையறையும் படத்துக்குள்ள வராம, கேமராவுல இருக்கிற மறைப்பு வசதியை வச்சு அந்தப் பகுதியைக் கறுப்பாக்கிடுங்க.

சட்ட மேசை

கேட் பற்றிச் சுருக்கமாக. லேஅவுட் சாலைகள் உள்ளாட்சி அமைப்புக்குத் தானப்பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டிருந்தால் அவை பொதுச் சாலைகள். அங்கே கேட் போட்டுப் பூட்டுவதற்கும், வருபவரை நிறுத்தி ஆதார் கேட்பதற்கும் சங்கத்துக்கு உரிமை கிடையாது. பூட்டிய கேட்டுக்கு வெளியே ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் நிற்கும் ஒரே ஒரு நாள் போதும், உயிரே போய்விடும். கேட்டுக்கான பணத்தை விளக்குக்குப் போடுங்கள்.

கருவேலம்

எங்க பக்கமெல்லாம் பசங்க ராத்திரி 11-லிருந்து 4 வரைக்கும் குழு குழுவா நிப்பாங்க. கையில கம்பு, டார்ச். புது ஆள் வந்தா நிறுத்தி விசாரிப்பாங்க. ஒரு திருட்டு கிடையாது. போலீஸை நம்பி உட்கார்ந்தா முடியுமா?

சட்ட மேசை

இதைத்தான் மிகவும் அஞ்ச வேண்டும், கருவேலம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வழி கேட்ட குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று வாட்ஸ்அப் வதந்தியை நம்பி ஊரே அடித்தது. 65 வயது அம்மா இறந்தார். அடித்தவர்களும் தங்கள் ஊரைக் காப்பதாகத்தான் நினைத்தார்கள்.

சட்டம் தனிநபருக்குக் கொடுக்கும் அதிகாரம் மிகச் சிறியது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்), பிரிவு 40: ஜாமீனில் விட முடியாத, பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தை ஒருவர் உங்கள் கண்முன் செய்தால் (அல்லது அவர் நீதிமன்றம் அறிவித்த குற்றவாளியாக இருந்தால்) பிடிக்கலாம். தாமதமில்லாமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். "புது ஆள்", "வடக்கத்திப் பையன்", "நேரங்கெட்ட நேரத்தில் நடந்தான்" என்பவை குற்றம் அல்ல. நிறுத்தி வைப்பதே சட்டவிரோதத் தடுப்பு. அடித்தால் வழக்கு உங்கள் பையன்கள் மேல்தான் வரும். அந்த வயதில் ஒரு வழக்கு என்றால் பாஸ்போர்ட், அரசு வேலை எல்லாவற்றிலும் இடிக்கும்.

தன்னார்வலரைக் காவலோடு இணைப்பதிலும் எல்லை மங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் 1993-ல் ராமநாதபுரத்தில் நல்ல நோக்கத்தோடு தொடங்கியது. 2020 சாத்தான்குளம் காவல் மரணங்களில் அதன் உறுப்பினர்கள் மீதும் குற்றச்சாட்டு எழுந்தபின், அந்த ஜூலையிலேயே அரசு அதைப் பயன்படுத்தத் தடை போட்டது.

பழைய ரைட்டர்

பசங்க விழிச்சிருக்கிறது தப்பில்ல தம்பி. பார்க்கட்டும், குறிச்சுக்கட்டும், 112-க்குச் சொல்லட்டும். தொடக் கூடாது. சொல்றப்பவும் "சந்தேகமா ரெண்டு பேர்"னு சொன்னா கண்ட்ரோல் ரூமுக்கு ஒண்ணும் புரியாது. என்ன செஞ்சாங்கன்னு சொல்லணும்: "நாலாவது தெருவுல பூட்டின வீட்டு காம்பவுண்டு ஏறிக் குதிச்சாங்க, ஒருத்தன் நீலச் சட்டை, கறுப்பு பைக் எஞ்சின் ஓடிக்கிட்டே நிக்குது, வடக்கே பார்த்து." இப்படிச் சொன்னா வண்டி எந்தப் பக்கம் மறிக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்.

வாட்ஸ்அப் குழுவுல ஆளோட போட்டோ போட்டு "இவனைப் பார்த்தா பிடிங்க"ன்னு எழுதறதைச் சங்கம் அடியோட தடுக்கணும். அவசரக் குழு தனி, பண்டிகை வாழ்த்துக் குழு தனின்னு வைங்க. அவசரக் குழுவுல அட்மின் மூணு பேர் மட்டும் எழுதற மாதிரி அமைச்சுடுங்க.

மல்லிகா, 3வது தெரு

தெருவிளக்கைப் பத்தி யாராவது சொல்லுங்களேன். ட்யூஷன் முடிஞ்சு பொண்ணுங்க எட்டு மணிக்கு வர்ற வழியில மூணு கம்பம் எரியலை.

பழைய ரைட்டர்

அம்மா, அதுக்குத்தான் கம்பத்து எண் வேணும். ஆறு தெருவிலயும் ஒரு ராத்திரி நடந்து, எரியாத கம்பம், எரிஞ்சும் மரக்கிளை மறைக்கிற கம்பம், மின்னி மின்னி எரியிற கம்பம்னு மூணு பட்டியல் எடுங்க. முதலும் மூணாவதும் மாநகராட்சி மின்பிரிவு வேலை. நடுவுல இருக்கிறது கிளை வெட்டுற வேலை, வேற ஆள். ஒரே மனுவுல கலந்து கொடுத்தா ரெண்டு பிரிவும் அடுத்தவங்க வேலைன்னு ஒதுக்கிடுவாங்க. தனித்தனியாக் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைங்க. பொண்ணுங்க போன்ல தமிழ்நாடு காவல்துறையோட "காவல் உதவி" செயலியை ஏத்தி, சிவப்புப் பொத்தானை எப்படி அமுக்கணும்னு வீட்டுலயே ஒருமுறை காட்டிடுங்க. ஜிபிஎஸ் அணைஞ்சிருந்தா இடம் போகாது.

வாட்ச்மேன் கணக்கையும் சொல்லிடறேன். ஒருத்தரைப் போட்டு 24 மணி நேரம் காவல்னா அவர் தூங்கத்தான் செய்வார், அது அவர் தப்பில்ல. 12 மணி நேர ஷிஃப்ட் வாரத்துக்கு 14. ஒருத்தர் ஆறு ஷிஃப்டுக்கு மேல பார்க்கக் கூடாது. அப்போ மூணு பேர் வேணும். மூணு பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியலைன்னா ராத்திரிக்கு மட்டும் ரெண்டு பேரை மாத்தி மாத்தி வைங்க. ஏஜென்சி மூலம் எடுத்தா 2005 தனியார் பாதுகாப்பு நிறுவனச் சட்டப்படி உரிமம் இருக்கான்னு கேளுங்க. நேரடியா எடுத்தா, தமிழ்நாடு காவல்துறை இணையதளத்துல ஆள் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். குடிவர்ற வாடகைதாரருக்கும் அதே வசதி இருக்கு.

சட்ட மேசை

சம்பவம் நடந்த பிறகு என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன். இங்கேதான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

வீடு உடைந்திருந்தால் உள்ளே போகாதீர்கள். பீரோ கைப்பிடியைத் தொட்டு, "என்ன போச்சு" என்று துணிகளைக் கலைத்துவிட்டால் விரல்ரேகைப் பிரிவுக்கு ஒன்றும் மிஞ்சாது. வாசலில் நின்று 112-ஐ அழையுங்கள்.

புகாரில் நகையின் சவரன், வடிவம், கல், கொக்கியின் வகை, அதை அணிந்திருக்கும் புகைப்படம், ரசீது. போனுக்கு ஐஎம்இஐ எண் எழுதுங்கள். போன் என்றால் மத்திய அரசின் சிஇஐஆர் தளத்தில் முடக்கவும் செய்யலாம். மதிப்பை ரூபாயில் கட்டாயம் எழுதுங்கள். புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் (தண்டனைச் சட்டம்) 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டு, நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக்குப் போய்விட்டது. "பழைய சைக்கிள்" என்று மொட்டையாக எழுதினால் அந்தக் கூடையில் விழும்.

சிஎஸ்ஆர் என்பது மனு வாங்கியதற்கான ரசீது. அது எஃப்ஐஆர் அல்ல. காப்பீடு கேட்டுப் போனால் எஃப்ஐஆர்தான் கேட்பார்கள். குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம் பிரிவு 173-ன்படி சம்பவம் வேறு எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையமும் பதிய வேண்டும், பூஜ்ய எண் போட்டுப் பின்னர் மாற்றலாம். மின்வழியாக அனுப்பினால் 3 நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும். நகல் இலவசம்.

"14 நாள் முதற்கட்ட விசாரணை" என்று சொல்லி நிறுத்தி வைத்தால் கவனியுங்கள். அது 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்கு, டிஎஸ்பி நிலை அதிகாரியின் அனுமதியோடு மட்டும்தான். செயின் பறிப்பு (தண்டனைச் சட்டம் பிரிவு 304, 3 ஆண்டு வரை) அதற்குள் வரலாம். வீட்டுக்குள் திருட்டு (அதே சட்டம் பிரிவு 305, 7 ஆண்டு வரை) வராது. இரவில் வீடு உடைத்துத் திருடினால் 14 ஆண்டு வரை தண்டனை உண்டு, அதுவும் வராது. பதிய மறுத்தால் உயரதிகாரிக்குப் பதிவு அஞ்சல், அதன்பின் நீதித்துறை நடுவர்.

60 வயதுக்கு மேற்பட்டவர்களையும் பெண்களையும் சாட்சி விசாரணைக்கு நிலையத்துக்கு வரச்சொல்லி வற்புறுத்த முடியாது. வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும் (நடைமுறைச் சட்டம் பிரிவு 179). எங்கள் அம்மாவை அலைய விடுவார்களோ என்ற பயத்தில் புகாரே கொடுக்காமல் விட வேண்டாம்.

சேலையூர் பக்கம்

எல்லாருக்கும் நன்றி. கேட் வேண்டாம்னு முடிவாயிடும்னு நினைக்கிறேன். ஒரு சந்தேகம்: போலீஸ் வந்து பதிவைக் கேட்டா என்விஆரையே கழட்டிக் கொடுத்துடணுமா? பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கணும்?

லென்ஸ் மூர்த்தி

பெட்டியோட கொடுத்துட்டா அது நீதிமன்றச் சொத்து அறையில கிடக்கும், அதுவரைக்கும் லேஅவுட்டுக்குக் கண் கிடையாது. விசாரணை அதிகாரிகிட்ட நகல் போதுமான்னு முதல்லயே கேளுங்க. சம்பவத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடியிலிருந்து ஒரு மணி நேரம் பின்னாடி வரைக்கும், என்விஆரோட சொந்த வடிவத்துல எடுத்து, ஓட்டிப் பார்க்கிற மென்பொருளையும் அதே பென்டிரைவுல போடுங்க. டிவியில ஓடுறதைப் போன்ல படம் பிடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்பினா ரூட் பிடிக்க உதவும், சாட்சியத்துக்கு உதவாது.

சட்ட மேசை

நகலோடு சாட்சிய சட்டம் (பாரதிய சாக்‌ஷ்ய அதினியம்) பிரிவு 63 சான்றிதழ் வேண்டும். இரண்டு பகுதி: முதலாவதை கருவியைப் பராமரிப்பவர் நிரப்புவார், இரண்டாவதை நிபுணர். இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பு (கோப்பு பின்னர் மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) இருக்கும். அதை நகல் எடுத்த அன்றே கணக்கிட்டு எழுதிவிடுங்கள். ஒரு பதிவேடு வைத்து, கேட்டவர் பெயர், பதவி, தேதி, எந்தக் கேமரா, எந்த நேரம், கையெழுத்து என்று குறியுங்கள். எழுத்து மூலம் கேட்டால்தான் கொடுப்போம் என்று சங்கம் சொல்லலாம். குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம் பிரிவு 94-ன்படி அதிகாரி அப்படிக் கேட்க வழி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் "என் பையன் எத்தனை மணிக்கு வந்தான்" என்று கேட்டால் காட்டக் கூடாது.

பாஸ்வேர்டு செயலாளரிடமும் பொருளாளரிடமும் மட்டும். மாட்டிய கடைக்காரருடைய கணக்கை வேலை முடிந்த அன்றே நீக்குங்கள்.

பழைய ரைட்டர்

இன்னொண்ணு. நிலையத்துல நல்லாப் பழகின இன்ஸ்பெக்டர் மாறுதல்ல போயிடுவார், அவரோட சேர்ந்து உங்க பேச்சும் போயிடும். நீங்க கொடுத்த ஒவ்வொரு மனுவுக்கும் ரசீது வாங்கி ஒரு ஃபைல்ல போடுங்க. புதுசா வர்றவர்கிட்ட முதல் வாரமே அந்த ஃபைலோட, லேஅவுட் வரைபடத்துல கேமரா இடம், எரியாத கம்பம், தனியா இருக்கிற முதியவர் வீடுகள், ஒற்றையடிப் பாதை எல்லாம் குறிச்சு எடுத்துட்டுப் போங்க. முதியவர் வீட்டு விவரத்தை அவர் கையில மட்டும் கொடுங்க, குழுவுல போடாதீங்க. குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர் தனி, சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டர் தனின்னா ரெண்டு பேரையும் பாருங்க. திருட்டு ஒருத்தர் மேசை, காலிமனையில குடிச்சுட்டுக் கலாட்டா பண்றது இன்னொருத்தர் மேசை.

சேலையூர் பக்கம்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துல 7 கேமரா, 6 டிபி, பின்பக்கப் பாதைக்கு ரெண்டு விளக்கு, ராத்திரிக்கு ரெண்டு காவலாளின்னு வைக்கிறேன். கம்பத்துப் பட்டியலை மல்லிகா மேடமும் நானும் சனிக்கிழமை ராத்திரி நடந்து எடுக்கிறோம்.